திங்கள்கிழமை காலை 8:26

"மனிதன் முதன்முதலாக நிலவில் கால் வைத்ததை நேரடியாகப் பார்த்தவர்கள் அந்த நாளைப் பற்றிச் சொல்ல முடியுமா? எங்கள் தாத்தா மெட்ராஸில் டிவியில் பார்த்ததாகச் சொல்கிறார், அது உண்மையா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது 13 வயது, ஊர் கோவில்பட்டி. பிறகு இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்த ஒரு நாளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் தேடிப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் தாத்தா விஷயம். 1969 ஜூலையில் மெட்ராஸில் டிவியே கிடையாது. இந்தியாவிலேயே டெல்லியில் மட்டும்தான் இருந்தது. பம்பாய்க்கு 1972இல் வந்தது, மெட்ராஸ் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. டெல்லிக்காரர்களும் நேரடியாகப் பார்த்திருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும் படத்தை வாங்கி ஒளிபரப்ப ஒரு தரை நிலையம் வேண்டும். புனேக்கு அருகே ஆர்வியில் அப்படியொரு நிலையம் 1971இல்தான் இயங்கத் தொடங்கியது. இலங்கையில் டிவி வர இன்னும் பத்து வருடம் இருந்தது.

அதற்காகத் தாத்தா பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படத்தை அவர் பார்த்திருப்பார். சில வாரம் கழித்துத் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் நியூஸ் ரீலில் பார்த்திருக்கலாம், அமெரிக்கத் தகவல் நிலையத்தார் திரை கட்டிக் காட்டும் படங்களில் பார்த்திருக்கலாம், டிவி வந்த பிறகு நினைவு நாள் நிகழ்ச்சியில் பார்த்திருக்கலாம். அந்தக் காலை நேரத்துப் பரபரப்பும் பின்னால் பார்த்த படமும் மனசுக்குள் ஒன்றாகிவிடும். எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. அன்று சாயங்காலம் முழு நிலவைப் பார்த்ததாகத்தான் நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அப்படியே சொன்னேன். அது தவறு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு காலண்டர் தாள்.

அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு மர்பி ரேடியோ உண்டு. அக்கா பூ வேலை செய்து தைத்த உறை போட்டு அலமாரி மேல் இருக்கும். வருடா வருடம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். போட்டவுடன் பேசாது. வால்வு சூடேறி, தூசி கருகும் மணம் லேசாக வந்து, அலை கிடைத்ததைக் காட்டும் பச்சை விளக்குக் கண் விரிந்த பிறகுதான் குரல் வரும். கூரைக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கம்பி இழுத்திருந்தோம்.

அந்த வாரம் ரேடியோவுக்கு ஓய்வே இல்லை. சனிக்கிழமை ராத்திரி இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதாக அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி. வி. கிரி தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார். திண்ணையில் பெரியவர்கள் பேசியதெல்லாம் வங்கியும் காங்கிரஸும்தான். நிலாவைப் பற்றிக் கேட்டால், "அது ராத்திரிதானலே" என்று தள்ளிவிட்டார்கள்.

அப்பா மட்டும் நிலாவிலேயே குறியாக இருந்தார். ஞாயிறு ராத்திரி தூங்கவில்லை. சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமெரிக்க வானொலி வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு இலங்கையில் மறுஒலிபரப்பு இருந்தது, அதனால்தானோ என்னவோ எங்கள் பக்கம் ஓரளவு தெளிவாகக் கேட்கும். ஒன்றரை மணிக்கு என்னை எழுப்பி உட்கார வைத்தார். எனக்கு அந்த அமெரிக்க ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியவில்லை. இரைச்சல், நடுநடுவே "பீப்", பிறகு யாரோ ஒருவர் அவசரமில்லாமல் எண் சொல்லும் குரல். அவ்வளவுதான்.

அந்த பீப் நிலவிலிருந்து வருகிறது என்றே நாங்கள் நம்பினோம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அது அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் ஒலி. அங்கே பேசுபவர் பொத்தானை அழுத்தும்போது ஒரு பீப், விடும்போது ஒரு பீப். தொலைதூர நிலையங்களின் ஒலிபரப்பியைத் திறந்து மூடுவதற்கான சைகை அது. பழைய ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள், விண்வெளி வீரர்கள் பேசும்போது பீப் வராது.

அப்பா கணக்குப்பிள்ளை அல்லவா, காதில் விழுந்த எண்களை எல்லாம் எழுதிவைத்தார். கைக்குக் கிடைத்தது அன்று கிழித்த தினசரிக் காலண்டர் தாள். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: 200, 100, 75, 60, 40, 30, 20, 30. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே "இறங்கியாச்சு 1.47".

அந்தக் கடைசி 30 அப்பாவை வெகுநாள் உறுத்தியது. 20 அடிக்கு வந்த கலம் மறுபடி 30 அடிக்கு ஏன் ஏறியது? பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் ஆசிரியராகி, அந்த உரையாடலின் முழு எழுத்துப் படியை வாங்கிப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. 200, 100, 75, 40, 30, 20 எல்லாம் தரையிலிருந்து உயரம், கலத்துக்குள் ஆர்ம்ஸ்ட்ராங்குடன் இருந்த ஆல்ட்ரின் அடிக் கணக்கில் வாசித்தது. 60ம் கடைசி 30ம் வேறு குரல். ஹூஸ்டனிலிருந்து சார்லி டியூக் சொன்னது, அடி அல்ல, வினாடி. எரிபொருள் கெடு அது. அதற்குள் இறங்கும் முடிவுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். கணினி கொண்டுபோன இடம் பாறைகள் சிதறிக் கிடந்த பள்ளத்தை ஒட்டி இருந்ததால், ஆர்ம்ஸ்ட்ராங் கலத்தைக் கையால் ஓட்டித் தாண்டிப் போய் நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தார். அதனால்தான் எரிபொருள் அந்த அளவுக்குக் குறைந்தது. கொஞ்ச நேரம் முன்னால் வேறு, கணினி '1202', '1201' என்று எச்சரிக்கை கொடுத்திருந்தது. செய்ய முடிவதைவிட வேலை அதிகம் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு 70 வயது தாண்டியிருந்தது. தாளை எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த 60க்கும் கடைசி 30க்கும் பக்கத்தில் 'வி' என்று சின்னதாக எழுதினார். "அப்பவே தெரிஞ்சிருந்தா உனக்கு முன்னாடி நான் மயங்கி விழுந்திருப்பேன்யா" என்றார்.

இங்கே ஒரு விஷயம். வினாடி வினாக்களில் எல்லாம் ஜூலை 20 என்று சொல்வார்கள். அது அமெரிக்கக் கணக்கு. கலம் இறங்கியபோது நமக்கு நள்ளிரவு தாண்டி 1:47, அதாவது 21ஆம் தேதி. கால் வைத்தது அதே 21, காலை 8:26. நம் நாட்டவர் யாராவது 21 என்று சொன்னால் திருத்தாதீர்கள், அவர் சொல்வது சரி. கிழமையும் திங்கள். ஆச்சி அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள், "திங்களுக்குத் திங்கக்கிழமைதான் போயிருக்காக" என்று.

8:26 என்பதும் எங்கள் அதிர்ஷ்டம். முதலில் போட்ட திட்டப்படி இறங்கியதும் அவர்கள் தூங்கி எழுந்து, நம் நேரம் பதினொன்றரை மணிக்கு மேல்தான் வெளியே வர வேண்டும். அப்பா அதை நம்பி, முற்பகலில் ஆபீஸிலிருந்து எப்படி நழுவுவது என்று திட்டமெல்லாம் வைத்திருந்தார். எனக்கு அந்த நேரம் பள்ளிக்கூடம். ஆனால் நிலவில் இறங்கியவனுக்குத் தூக்கம் வருமா? ஓய்வைத் தள்ளிவைத்துவிட்டு முன்னாலேயே வெளியே போகிறோம் என்று ஆர்ம்ஸ்ட்ராங் கேட்டார், ஹூஸ்டனும் சரி என்றது. விடிகாலையில் ரேடியோ அதைச் சொன்னதும் அப்பா பல் விளக்கக்கூட நகரவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் முப்பது நாற்பது பேர். பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு நிற்கிறார்கள். அப்பா ரேடியோவின் முன்துணியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, கேட்பதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். கையை உயர்த்தினால் எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும். "கதவைத் திறந்தாச்சு." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "ஏணில நிக்கான்." மறுபடி ஒன்றுமில்லை. "ஏணிக்குக் கீழ மண்ணு மாவு மாதிரி இருக்காம்." அப்புறம் கை உயர்ந்தது. வெகுநேரம் இறங்கவில்லை. அலை மங்கிப்போய்த் திரும்பி வந்தது. "கால வச்சுட்டான்."

"மனிதனுக்கு இது ஒரு சிறு அடி, மனித குலத்துக்கு ஒரு பெரும் பாய்ச்சல்" என்ற அந்த வாக்கியம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை. இரைச்சலில் போய்விட்டது. மறுநாள் பேப்பரில்தான் படித்தோம். பால்காரர் அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறது: "என்ன பேசினாருங்க?" அப்பா, "காலு புதையலன்னு சொல்லுதாரு" என்றார். அதுவும் பொய்யில்லை. அடுத்த வாக்கியங்களில் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது அதுதான், மண் பொடியாக இருக்கிறது, கால் ஒரு அங்குலத்தின் சிறு பங்குதான் உள்ளே போகிறது என்று.

அதே நேரம் டிவி இருந்த நாடுகளில் என்ன பார்த்தார்கள்? பார்த்தவர்கள் ஏறத்தாழ 60 கோடி என்று ஒரு மதிப்பீடு சொல்வார்கள். அன்றைய உலக மக்கள் தொகை சுமார் 360 கோடி. ஆறில் ஒருவர் பார்த்தார், மற்ற ஐந்து பேரும் எங்களைப் போலக் கேட்டவர்கள், அல்லது பிற்பாடு தெரிந்துகொண்டவர்கள். சோவியத் நாட்டில் நேரடியாகக் காட்டவில்லை. சீன மக்களுக்குச் செய்தியே போகவில்லை. ஆகவே தாத்தா டிவியில் பார்க்கவில்லை என்பதில் ஒரு குறையும் இல்லை.

பார்த்தவர்களுக்கும் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. நிலவுக் கலத்திலிருந்து வரும் சிக்னலில் குரல், இதயத் துடிப்பு, கருவித் தகவல் எல்லாம் போக மிச்சமிருந்த இடத்தில் படத்தை அடைக்க வேண்டும். அதனால் கேமரா வினாடிக்கு 10 படம்தான் எடுத்தது, படத்துக்கு 320 வரி. அமெரிக்க டிவிக்கு 525 வரியும் வினாடிக்கு 30 படமும் வேண்டும். எப்படி மாற்றுவது? சிக்னல் வந்து சேர்ந்த நிலையத்தில் ஒரு திரையில் படத்தைக் காட்டி, அந்தத் திரையை இன்னொரு டிவி கேமராவால் படம் பிடித்தார்கள். நகலின் நகல். அதுதான் பிறகு உலகம் சுற்றியது. நிலையத்தில் இருந்தவர்கள் பார்த்த மூலப்படம் அதைவிட எவ்வளவோ துல்லியம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கேமரா வைத்திருந்த இடமும் நல்ல யோசனை. கலத்தின் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த ஒரு தட்டில் அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். ஏணியின் உச்சியில் நின்றபடி ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு வளையத்தை இழுத்ததும் தட்டு விரிந்து, கேமரா ஏணியைப் பார்த்தது. முதல் சில வினாடிகள் உலகம் பார்த்தது தலைகீழ்ப் படம். பிறகு பூமியில் ஒருவர் சுவிட்சைத் திருப்பினார்.

அந்தப் படத்தை வாங்கியது யார் என்பதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. நிலவு எந்த நாட்டுக்கு மேலே நிற்கிறதோ அந்த நாட்டு ஆன்டெனாதான் அதைக் கேட்க முடியும். நமக்குக் காலை 8:26க்கு நிலவு இன்னும் உதிக்கவே இல்லை. உதிக்க மூன்று மணி நேரம் போல இருந்தது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அது மேலே இருந்தது. தொடக்கப் படம் கோல்ட்ஸ்டோனிலிருந்து வந்தது, கறுப்பு வெள்ளை முரண் தூக்கலாகி முகமே தெரியாத படம். கால் வைக்கும் நேரத்தில் கான்பெராவுக்கு அருகே ஹனிசக்கிள் கிரீக்கின் 26 மீட்டர் ஆன்டெனாவுக்கு மாற்றினார்கள். நாம் இன்று பார்க்கும் அந்த முதல் அடி அந்தச் சிறிய ஆன்டெனா வாங்கியது. ஒளிபரப்பு தொடங்கி எட்டு ஒன்பது நிமிடம் ஆனபோது, ஆஸ்திரேலியாவிலேயே பார்க்ஸ் என்ற ஊரின் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கிக்குள் நிலவு வந்து சேர்ந்தது. இரண்டரை மணி நேர ஒளிபரப்பில் மிச்சமெல்லாம் பெரும்பாலும் பார்க்ஸ் படம்தான். அன்று அங்கே மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. அந்தக் காற்றில் அவ்வளவு பெரிய தட்டைச் சாய்த்து வைத்திருப்பதே ஆபத்து. சாய்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு மறுநாள் பேப்பரில் வந்தது டிவித் திரையிலிருந்து எடுத்த புகைப்படம். சாம்பல் நிறத்தில் ஏதோ நிழல், அம்புக்குறி போட்டு இதுதான் ஆர்ம்ஸ்ட்ராங் என்று போட்டிருந்தார்கள். மாவில் விரல் இழுத்த மாதிரி இருந்தது. தெளிவான வண்ணப் படங்கள் வீரர்கள் 24ஆம் தேதி கடலில் இறங்கி, ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் வெளியாகின. முகக் கண்ணாடியில் நிலவின் தரையே பிரதிபலிக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பவர் ஆல்ட்ரின். ஆர்ம்ஸ்ட்ராங் என்று போட்டிருக்கும் பாடப்புத்தகத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஸ்டில் கேமரா பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் கையில் இருந்தது, அதனால் அவர் இருக்கும் படங்களே குறைவு. ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், நிலவில் இறங்காமல் அதைச் சுற்றிக்கொண்டிருந்த காலின்ஸ் மூவரும் அந்த அக்டோபரில் பம்பாய் வரைக்கும் வந்துபோனார்கள்.

காலண்டர் தாளுக்கு வருகிறேன். அப்பா காலமான பிறகு அவர் பெட்டியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். எண்களையே இத்தனை வருடம் பார்த்த நான் அச்சடித்த பகுதியை அன்றுதான் வாசித்தேன். 'வளர்பிறை' என்று இருந்தது. பஞ்சாங்கத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். திங்கள்கிழமை சாயங்காலம் வளர்பிறை சப்தமி. நிலவு பாதிகூட நிறையவில்லை. நான் கண்டதாகச் சொல்லிவந்த முழு நிலவு அன்று வானத்தில் இல்லவே இல்லை.

கணக்கை அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வருத்தம்தான் மிஞ்சியிருக்கும். தொடர்ந்து போட்டேன். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நடையை முடித்துக்கொண்டு கதவைச் சாத்தியது நமக்குக் காலை 10:41. நிலவை விட்டுக் கிளம்பியது ராத்திரி 11:24. நமக்கு நிலவு உதித்தது முற்பகலில், மறைந்தது நள்ளிரவுக்குச் சற்று முன். அப்படியானால் அன்றைய பகலிலும் முன்னிரவிலும் தமிழ்நாட்டில் அண்ணாந்து பார்த்த ஒவ்வொருவரும் மனிதர் இருக்கும் நிலவைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் இறங்கிய அமைதிக் கடல் என்ற சமவெளி வெளிச்சம் விழுந்த பக்கத்தில், வெறும் கண்ணுக்கே கரும் திட்டாகத் தெரியும் இடத்தில் இருந்தது. ராத்திரி ஒன்பதேகால் மணிக்குச் சோவியத்தின் லூனா 15 ஆளில்லாக் கலம் அதே நிலவில் மோதி நொறுங்கியதும் நம் வானத்தில் நிலவு இருக்கும்போதுதான்.

தம்பி, தாத்தாவிடம் டிவியைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்று சாயங்காலம் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். வானம் மூட்டமாக இருந்ததா என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் மூட்டம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு ஏறினேன். ஆச்சி காய்ந்த வத்தலை அள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிலவு வெள்ளையாக, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றிருக்க வேண்டும். நான் நினைவில் முழுசாக்கி வைத்திருந்தது அதைத்தான். ஆச்சி முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து மேலே ஏறினார்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாகளாய்யா?"

"சாப்பிட்டிருப்பாகம்மா. இப்ப தூங்குற நேரம்."

அப்பா சொன்னது சரிதான், அது அவர்களுக்கு ஓய்வு நேரம். ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சரியாகத் தூக்கமில்லை. கலத்துக்குள் குளிர். எஞ்சின் மூடிமேல் சாய்ந்து, காலை ஒரு கயிற்று வளையத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தார். கலத்தின் தொலைநோக்கி வழியாக ஒரு வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, பல்ப் எரிகிற மாதிரி இருந்தது என்று திரும்பி வந்ததும் சொன்னார். அது பூமி. அந்த நேரம் வெயிலில் நிலவைப் பார்த்துக்கொண்டிருந்த பூமியின் பக்கத்தில் எங்கள் தட்டட்டியும் இருந்தது.